எங்கள் பஸ்ஸுக்குப் பரீட்சை

சென்ற மாதம் திண்டிவனத்தில் ஓர் அதிசயம் கண்டேன். மோட்டார் இன்ஸ்பெக்டர் ஒருவர் தம் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, எங்கள் விழுப்புரம் பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்!

யுத்தத்தில் பெட்ரோல் அரிதானதிலிருந்து இந்த பஸ் கரியைத் தின்றுதான் ஓடுகிறது. முதுகில் ஒரு பீப்பாய், அதற்குள் நெருப்பு. ரோட்டில் ஓட லாயக்குதானா என்று வண்டிகளைச் சோதிக்க இப்போது சட்டம் வந்திருக்கிறது.

“கைக்குட்டை எதுக்குங்க? எங்க மூஞ்சியப் பாத்தா தெரியலையா?” என்றாள் அஞ்சலை.

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ரயில் நிற்காத ஊர்களில் கருவாடு விற்கிறவள். பஸ் நின்றால் பிழைப்பும் நின்றுவிடும்.

இன்ஸ்பெக்டர் ஏறிக்கொண்டார். பிரேக் போடச் சொன்னார் – நின்றது. ஹார்ன் அடிக்கச் சொன்னார் – கூவியது. “பாரத்தோட மேடு ஏறுதா, பார்ப்போம்” என்றார் டிரைவர் கண்ணுசாமியிடம்.

விக்கிரவாண்டிக்கு இப்பால் அந்த மேடு. பஸ் இருமியது, முனகியது... நாங்கள் என்ன செய்தோம்? தினமும் செய்வதைத்தான். மொத்தமாக இறங்கி, தோள் கொடுத்துத் தள்ளினோம். நானுந்தான்!

உச்சியில் பார்த்தால், உள்ளே இன்ஸ்பெக்டர் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

“பாத்தீங்களா சார், ஜல்தியா ஏறிச்சே!” அஞ்சலைக்கு ஒரே பெருமை.

“உங்களை இறங்கச் சொன்னது யாரும்மா?”

“யாரு சொல்லணும்? மேடு வந்தா எறங்கித் தள்ள வேணாமா?”

கண்ணுசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். பஸ் பெயில்! ரிப்பேர் முடியும்வரை ஓடக்கூடாது.

அதன்பிறகு, புளியமர நிழல்களை ஒவ்வொன்றாகக் கடந்து, கூடையும் தலையுமாக அஞ்சலை நடந்து போவதைப் பலநாள் பார்த்தேன். “நல்லது பண்றோம்னு பேஜாராக்கிட்டோம் சார்” என்றாள். யோசித்தேன். கண் எரிகிறவரைதான் அது புகை. எரிச்சல் பழகிவிட்டால் அதையே காற்று என்கிறோம். வண்டி நம்மைச் சுமக்கவேண்டும் என்பதையே மறந்து, எத்தனை வண்டிகளை இப்படித் தள்ளிக்கொண்டிருக்கிறோம்!

போன வாரம் ரிப்பேரான பஸ் பாஸாகித் திரும்பி வந்தது. அதே மேடு. இருமல் இல்லை, முனகல் இல்லை. வேகம் கொஞ்சம் குறைந்ததுதான் தாமதம் – பழக்கம் விடுமா? – எல்லோரும் குதித்து இறங்கினோம். தோளைக் கொடுத்தால்... அங்கே பஸ் இல்லை! அது பாட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

“யோவ் கண்ணுசாமி, நிறுத்துய்யா! எங் கூடை உள்ள இருக்குது!” என்று அஞ்சலை ஓடினாள். முகமெல்லாம் சிரிப்பு.

பஸ் பாஸ். பெயிலான நாங்கள் அதன் பின்னாலேயே ஓடினோம்.