தைலம்மாளின் சாம்பார் சிக்கனம்

கள்ளக்குறிச்சியில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றுவது என்றால் இட்லி முழுக வேண்டும். கச்சிராயபாளையம் சாலையில் தைலம்மாள் நடத்தும் டிபன் கடையில் பன்னிரண்டு வருஷமாக நான் அப்படித்தான் சாப்பிட்டு வந்தேன். அதைக் கெடுத்தது ரிசர்வ் வங்கி.

தக்காளி கிலோ நூற்றைம்பதுக்குப் போன வருஷம் அது. கடையை எடுத்துக் கட்ட வாங்கிய கடனுக்கும் வட்டி ஏறிவிட்டது. சாப்பிட வந்த வங்கி அதிகாரி சுபாஷைத் தைலம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், தக்காளி வெல ஏறுனா என் வட்டிய ஏன் ஏத்துறீங்க?"

"வட்டி ஜாஸ்தியானா ஜனங்க செலவு பண்றது கம்மியாவும்க்கா. வெல தானா எறங்கும்."

"செலவு கம்மியானா என் கடைக்கு எவன் வருவான்?"

"அதான் கஷ்டமே. ஒரேயடியா ஏத்துனா கடைங்க காத்தாடும், ஆளுங்களுக்கு வேல போயிடும். அதனால ரிசர்வ் பேங்க்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு, இன்னா ஆவுதுன்னு பொறுத்துப் பாத்துக்கினு இருப்பாங்க."

தைலம்மாளின் காதில் 'கொஞ்சம் கொஞ்சமாக' மட்டும்தான் விழுந்தது. பொறுமை அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அடுத்த திங்கட்கிழமை சாம்பார்க் கரண்டி ஒரு சுற்று சிறுத்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்கடுத்த திங்கள் இன்னொரு சுற்று. தோசை மாஸ்டர் பச்சமுத்து, "வாணாம்க்கா, ஆளுங்க மூஞ்சி மாறுது" என்று சொல்லிப் பார்த்தார். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து, பதினோரு வருஷமாக அந்தத் தோசைக்கல்லை நம்பியே குடும்பம் நடத்துபவர். யார் கேட்டது? நாலாவது திங்கள் சாம்பாருக்கு நெய்க்கரண்டியே வந்தது! கோயில் தீர்த்தம் மாதிரி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

எதிர்க்கடையில் சாம்பார் வாளியோடு நின்றார்கள். ஊரே அங்கே போனது. நானும் போனேன், மறைப்பானேன்?

அங்கே இட்லி கல்லாக இருந்ததால் பத்தே நாளில் திரும்பி வந்தேன். தைலம்மாள் மிரண்டுபோய்ப் பழைய பெரிய கரண்டிக்கே திரும்பியிருந்தாள். ஆனால் போன ஆட்கள் வரவில்லை. கடையில் நான் ஒருவன்தான்.

"மாஸ்டர், நாளைலேர்ந்து வராதீங்க. கட்டுப்படி ஆவல" என்றாள், பச்சமுத்துவின் முகத்தைப் பார்க்காமல்.

அவர் அடுப்பை அணைத்தார். "சாம்பாரக் கொறச்சது நீங்க. போனது சாப்புட வந்தவங்க. நடுவுல நான் இன்னாக்கா பண்ணேன்?"

வங்கி அதிகாரியையே மடக்கியவள் காலிக் கல்லாப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். நான் பாதி இட்லியோடு இலையை மடித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தைலம்மாள் எதிர்க்கடை வாசலில் போய் நின்றாள். "யோவ், தப்பு என்னுதுதான்யா! அதுக்கு மாஸ்டர் வேல போவுது. திட்றதுன்னா என் கடையில வந்து குந்திக்கினு திட்டுங்க!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுதுவிட்டாள்.

இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவர்கள் ஒன்பது பேர். அவள் கூப்பிட்டு அனுப்பிய பச்சமுத்து, தான் அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்து முதல் தோசைக்கு மாவை ஊற்றினார்.