கட்டில் உயரத்தில் ஒரு வண்டி

என் தங்கை புருஷன் நாச்சிமுத்துவைப் பொத்தல் இல்லாத வேட்டியில் நான் பார்த்ததே இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரி பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். ஆசிட் தெறித்துத் தெறித்து எந்தத் துணியும் மூன்று மாதம் தாங்காது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தாலும் முழங்கால் பக்கம் இரண்டு ஓட்டை இருக்கும். "என்ன மாப்பிள்ள, எலி கடிச்சிருச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பேன். அவர் சிரித்துக்கொள்வார். என் வாய் அப்படி. இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

போன புரட்டாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி நாலு வரி எழுதிவைக்க ஊரில் யாருமில்லை. நான்தான் எழுத வேண்டும். அந்த மனுஷன் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியத்தைக் கெடுத்தவன் நான்தானே.

வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டுக் குடும்பம் அவருடையது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் லாரியில் கிளீனராக ஏறியவர், டைனமோ பிரிக்கவும் பாட்டரி சரிபார்க்கவும் கற்றுக்கொண்டு திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டார். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு பொறி பார்ப்பார். அந்தப் பொறியை வைத்தே இந்தப் பாட்டரி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பேச்சு மட்டும் வராது. சித்தையன்கோட்டையில் பூவும் கத்தரியும் போட்டுப் பிழைத்த எங்கள் குடும்பத்திலிருந்து என் தங்கை அழகம்மாளை நாற்பத்தொன்பதாம் வருஷம் அவருக்குக் கொடுத்தோம். அவருக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

ஐம்பத்தாறில் அழகம்மாள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட இடத்தில் கோணலாகவே கூடிவிட்டது. அதற்குப் பிறகு சுவரைப் பிடித்து நாலு அடி நடப்பாள். மீதியெல்லாம் உட்கார்ந்து நகர்வதுதான். குணமான புதிதில் ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வரலாமென்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறாள். கண்டக்டரும் நாச்சிமுத்துவுமாகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. எங்கள் வீட்டில் இறங்கியதும், "இனிமே என்னய யாரும் தூக்கக் கூடாது" என்றாள். சொன்னபடியே ஆறு வருஷம் தெருவைத் தாண்டவில்லை.

அறுபத்திரண்டில்தான் நாச்சிமுத்து அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தார். சைக்கிள் ரிக்‌ஷாவின் சக்கரங்கள், பழைய லாரியில் கழற்றிய டைனமோ, இரண்டு பாட்டரி. டைனமோவைச் சுற்றினால் கரண்டு வருகிறது, அதற்குக் கரண்டு கொடுத்தால் அதுவே சுற்றாதா என்பது அவர் யோசனை. சுற்றியது. சுற்றிப் புகைந்து கருகியும் போனது. வேறொன்று வாங்கித் தாமிரக் கம்பியைத் தானே சுற்றி மாட்டினார். அடுத்து செயின் அறுந்தது. அடுத்து மலைக்கோட்டைத் தெரு முக்கில் திரும்பும்போது வண்டியே குடை சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். தெருவில் அவரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ஊரிலிருந்தபடியே கேள்விப்பட்டு நானும் சிரித்தேன்.

அவர் அசரவில்லை. அழகம்மாள் படுக்கும் கயிற்றுக் கட்டிலை அளந்தார். கட்டில் என்ன உயரமோ அதே உயரத்துக்கு வண்டியின் சீட்டை இறக்கினார். பக்கத்தில் மடக்கிப் போடும் பலகை ஒன்று வைத்தார். அவள் கட்டிலிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து சீட்டுக்கும் கையூன்றித் தானாகவே நகர்ந்துவிடலாம். ஒருத்தர் கை வேண்டாம். சீட்டு தாழ்ந்ததும் வண்டி சாய்வதும் நின்றுபோனது.

முதல் சுவிட்சைப் போட்டால் ஒரு பாட்டரியில் மெதுவாகப் போகும். இரண்டாவதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் வேகம் எடுக்கும். அந்த வேகத்தையும் சைக்கிள்காரன் முந்திவிடுவான். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "சத்தமே வரலியேப்பா, இது வண்டிதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷன், பெண்டாட்டி, பெற்ற இரண்டு பெண்கள், நாலு பேருமாகக் கோட்டையைச் சுற்றிக் கோபாலசமுத்திரக் குளக்கரைவரை போய்வருவார்கள். முந்துகிற பையன்களை அழகம்மாள் சும்மா விடமாட்டாள். "ஏலே, பாத்துப் போங்கடா, தேங்கா உருட்டுற மாதிரி உருட்டுறீங்க" என்று வைவாள். வைவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு உடம்பில் சதை வைத்தது என்று மூத்தவள் முத்துப்பேச்சி சொல்வாள்.

மறுவருஷம் ஆவணியில் என் தம்பி ராமருக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்காதான் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டும். அழகம்மாள் வராமல் முடியாது. நான் கார் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. 'கார் வேண்டாம். நாங்கள் நம் வண்டியிலேயே வருகிறோம்.'

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு வரும் தங்கையை அண்ணன்தான் வண்டி வைத்து அழைத்துவர வேண்டும். அதுதான் மரியாதை. அவள் ரிக்‌ஷாவும் அல்லாத வண்டியும் அல்லாத ஏதோ ஒன்றில் வந்தால் பெண் வீட்டார் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்? என்னைத்தானே.

அங்கே அழகம்மாள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை முத்துப்பேச்சி பின்னால் சொன்னாள். "எங்க அண்ணன் வீட்டு வாசல்ல நானா இறங்கணும்" என்று ஒரு வாரமாக ஏறுவதும் இறங்குவதுமாகப் பழகியிருக்கிறாள். உள்ளங்கை தோலுரிந்துவிட்டதாம். பதிமூன்று மைலுக்குச் சார்ஜ் தாங்காதென்று நாச்சிமுத்து முந்தின நாளே இரண்டு பாட்டரிகளைப் பஸ்ஸில் போட்டு, வழியில் மாற்றிக்கொள்வதற்காகச் சின்னாளபட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த கிதர் முகம்மதுவிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். செய்திருப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். வத்தலக்குண்டிலிருந்து பெண் வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அந்த வண்டி திரும்பியது. பின்னால் பத்துப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு ஒரு கார் அனுப்ப வசதிப்படலயாக்கும்" என்றார்.

நான் விறுவிறுவென்று போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். வீட்டுக்கு இன்னும் ஐம்பது அடி இருந்தது.

"நிறுத்துங்க மாப்பிள்ள."

நிறுத்தினார். பெண்ணுக்காக வாடகைக்கு எடுத்திருந்த பிளஷர் காரைக் கைகாட்டி அழைத்தேன்.

"ஏத்தா, கார்ல ஏறு."

"வேணாம்ணே. இந்தா இருக்கு வாசல். நானா இறங்கிக்கிறேன்."

"சபை சிரிக்குது. ஏறுன்னா ஏறு."

"மச்சான், செத்த பொறுங்க" என்றார் நாச்சிமுத்து.

நான் குனிந்து என் தங்கையை அள்ளித் தூக்கினேன். அவள் என் சட்டையைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் புடவை விலகி, அந்தக் கோணல் கால் முழங்கால்வரை வெளியே தெரிந்தது. பெண் வீடு, எங்கள் வீடு, தெரு, எல்லோரும் பார்த்தார்கள். சிரித்துவிடக் கூடாது என்று நான் பயந்த சபை சிரிக்கவில்லை. ஐம்பது அடி காரில் கொண்டுபோய், வாசலில் மறுபடியும் நானே தூக்கி இறக்கினேன்.

மறுநாள் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. காரிலேயே ஊர் திரும்பினாள். நாச்சிமுத்து அவள் சீட்டு காலியாக இருக்க, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறார். தலைவலி என்றிருக்கிறாள். அதற்கடுத்த வாரமும் அதே தலைவலி. ஆறு மாதம் வாராவாரம் சார்ஜ் ஏற்றி வைத்துப் பார்த்துவிட்டுப் பிரித்துப்போட்டார். நான் விதை வாங்கத் திண்டுக்கல் போனபோது, "எங்க மாப்பிள்ள உங்க தேரு?" என்று கேட்டேன். "ஓடாம நின்னா பாட்டரி கெட்டுப்போகும் மச்சான். அதான் பிரிச்சுட்டேன்" என்றார். என்னைக் குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. "நல்லதாப் போச்சு" என்றேன் நான். அதன்பின் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு வார்த்தை, 'தப்புப் பண்ணிட்டேன் மாப்பிள்ள' என்று ஒரு வார்த்தை, என் வாயிலிருந்து வரவில்லை. எலி கடித்ததைக் கேட்க மட்டும் வந்தது.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அழகம்மாளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கார் கொண்டுபோயிருந்தேன்.

"ஆம்பள இல்லாத வீட்ல பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? வா தாயி, நம்ம வீட்ல இரு."

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் வீட்டுக்கு ஒரே ஒரு தடவ நானா வந்தேன்ணே. அம்பதடிக்கு முன்னாடியே நிறுத்திட்ட. அந்த மிச்ச அம்பதடிய ஓட்ட அவரு இருந்தாரு, அப்ப நீ திரும்பக் கூப்பிடல. இப்ப யாரு ஓட்டுவா?"

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, மாமாவுக்குக் காப்பி போடச் சொன்னாள்.