குளோசப்புக்கு ஒரு கேக்

1. சோப்பு வாசனை

"மேரிக்கா, இங்க கொஞ்சம் வாங்கோளேன். சோப்பு வாசனை வரது."

திருவானைக்காவலில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, டிவி கேக் போட்டியின் அரையிறுதியை ஷூட் பண்ணிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டது போட்டியாளர் வைதேகி. ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், முட்டை போடாத கேக் மட்டும் செய்பவர். வாழைப்பழ கேக்கை அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்திருந்தார். கன்னங்கரேலென்று இருந்தது. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். அடக் கடவுளே, துணி சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது.

நான் பாலக்கரைக்காரி. பேக்கரியில் ஆரம்பித்து, ஓட்டலுக்குப் போய், கடைசியில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு ஃபுட் இன்சார்ஜ் ஆனவள். சாமான் வாங்குவது, எடை போடுவது, ஓவன் பார்ப்பது, பாத்திரம் கழுவ ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில். திரையில் என் முழங்கைகூட வராது.

இந்த வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் மைக்கில் விழும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள். வரிசையாக ஓவன் எரியும், மேலே லைட் எரியும், க்ரீம் வழியும். "டைம் அப்" என்று கத்திய பிறகு கேக் நடுவர் வாய்க்குப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் மேக்கப் போடுவார்கள், லைட்டை மாற்றுவார்கள், ஸ்பான்சர் டப்பாவை இந்தப் பக்கம் திருப்பி, பிறகு அந்தப் பக்கம் திருப்பி வைப்பார்கள். "ஆகா, சுடச்சுட!" என்று நடுவர் சொல்லும்போது கேக் ஆறி அவலாகியிருக்கும்.

ஸ்பான்சர் அல்லாத கம்பெனியின் பெயர் திரையில் தெரியக் கூடாது. அதனால் ஆர்ட் டிபார்ட்மென்ட் பிள்ளைகள் எல்லாச் சாமானையும் கம்பெனி பெயரில்லாத கண்ணாடி ஜாடிகளில் கொட்டி, சாமான் பெயரை மட்டும் ஒட்டி, மேஜைக்கு மேஜை அழகாக அடுக்கிவைப்பார்கள். எனக்குப் பொறி தட்டியது. வைதேகி மேஜையிலிருந்த ஆப்பசோடா, பேக்கிங் பவுடர் ஜாடிகளைப் பின்னால் கொண்டுபோய், இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். தண்ணீரில் பொங்க வேண்டியது பேக்கிங் பவுடர்; அந்தப் பெயர் ஒட்டியிருந்தது சும்மா கிடந்தது. ஆப்பசோடா என்று ஒட்டியிருந்தது பொங்கியது. ஜாடி மாறியிருக்கிறது. கொஞ்சமாகப் போடவேண்டிய சோடாவை அந்த அம்மா பேக்கிங் பவுடர் என்று நினைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டிருக்கிறார்.

மற்றவர்களாக இருந்தால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்ததுமே சுதாரித்திருப்பார்கள். வைதேகி அப்படிச் செய்ய மாட்டார். முதல் நாளே சொல்லியிருந்தார்: "கேக்கெல்லாம் பெருமாளுக்குப் பண்றது இல்லதான். ஆனா கண்டருளப் பண்றதுக்கு முன்னாடி வாயில வெக்காமலே தளிகை பண்ணிப் பழகிடுத்து. கை வாய்க்குப் போகமாட்டேங்கறது." சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்காத வீடு. அவருக்கு எல்லாம் மூக்குதான். அன்றைக்கு வாழைப்பழ வாசனையில் மூக்கும் ஏமாந்துவிட்டது.

2. "உங்க கேக்க வைங்க"

டைரக்டரிடம் போனேன். சென்னைப் பையன், தூங்கி எத்தனை நாளாச்சோ, கண் சிவந்திருந்தது.

"தப்பு நம்மளோடது சார். ஆர்ட்ல ஜாடிய மாத்தி வெச்சிருக்காங்க. அவங்களுக்கு மட்டும் இன்னொரு தடவ டைம் குடுங்க."

"அக்கா, சாயங்காலம் இங்க ரிசப்ஷன். வாசல்ல இப்பவே வாழமரம் கட்டிட்டு இருக்காங்க. டைமுக்கு நான் எங்க போறது?" தலையைச் சொறிந்தார். "உங்க குளோசப் கேக் இருக்குல்ல? அத வைங்க. முடிஞ்சுது."

குளோசப் கேக் என்பது இதுதான்: ஒவ்வொரு போட்டியாளரின் ரெசிபியையும் வாங்கி, அதே கேக்கை நானும் பின்கட்டில் ஒன்று சுடுவேன். கத்தி இறங்குவது, ஆவி பறப்பது, பஞ்சு மாதிரி பிரிவது என்று திரையில் நீங்கள் வாயைப் பிளந்து பார்ப்பதெல்லாம் அதுதான். என் பொருள்கள் பாக்கெட்டிலிருந்து நேராக வந்தவை. அதனால் வைதேகி பெயரில் நான் சுட்டது பொன்னாக உப்பி நின்றது.

வைதேகிக்கு அந்த ஃபைனல் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார்: "ஃபைனலுக்குப் போனா முன் ரூம்ல ஓவன் வெச்சு ஆர்டர் எடுத்துக்கோ, இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்காதேன்னுட்டார் மாமனார்."

அதனால் அவரிடம் போய் டைரக்டர் சொன்னதைச் சொல்லி, நானே கெஞ்சினேன். "சரின்னு சொல்லிடுங்கம்மா. ரெசிபி உங்களுதுதானே!"

அவர் இரண்டு கேக்கையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "கை உங்களோடதாச்சே மேரிக்கா. நான் பண்ணினதையே வெக்கறேன்."

எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. இந்தப் பொழப்பில் இப்படியும் ஒரு ஆளா! நேராக நடுவரிடமே போய் ஜாடி விஷயத்தைச் சொன்னேன். "பாவம்தான்மா. ஆனா தட்டுல இருக்கறதுக்குத்தானே மார்க் போட முடியும்" என்றார். கேமரா ஓடியது. அவர் முகத்தைச் சுளித்தார். வைதேகி வெளியேறினார்.

3. ஒளிபரப்புக்குப் பிறகு

எபிசோடில் ஜாடி கதை வரவே இல்லை. நடுவர் முகம் சுளித்ததையும் கத்தரித்துவிட்டார்கள். என் கேக் ஆவி பறக்கச் சுற்றிச் சுற்றி வந்தது, கீழே வைதேகியின் பெயர். அவரை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று பார்த்தவர்கள் யாருக்கும் புரியவில்லை.

இரண்டொரு நாளில் வைதேகி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு டப்பா.

"தெருவே கேக்கறது மேரிக்கா. டிவில காட்டின கேக்கு வேணுமாம். மாமனாரே ஆர்டர் எடுத்துக்கோங்கறார்."

"அப்புறம் என்ன? எடுக்க வேண்டியதுதானே!"

"அவா பாத்தது உங்களோடதாச்சே! அதக் காட்டி நான் எப்படி ஆர்டர் எடுக்கறது? இது நான் பண்ணினது. சாப்ட்டுப் பாருங்கோ. உங்களுதவிட சுமாரா இருந்தா எல்லார்கிட்டயும் இல்லேன்னு சொல்லிடறேன்."

டப்பா இன்னும் சூடாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கேக் வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும் அளவுக்கு இந்த வேலை என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தது. ஒரு துண்டு எடுத்தேன். பிறகு கேட்காமலே இன்னொரு துண்டு எடுத்தேன். என்னுடையது பார்க்கத்தான் அழகு. இது சாப்பிடுவதற்காகச் செய்தது. இத்தனை வருஷத்தில் இந்த வித்தியாசம் எனக்கே மறந்துபோயிருந்தது. புதிதாக வருகிற பிள்ளைகளே, நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

வைதேகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கம்மா ஆர்டர்" என்றேன். "முதல் ஆர்டர் என்னுது. கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ. இந்த வருஷம் நான் ஓவன் பக்கமே போகப்போறதில்ல."