பூங்கொடி சொல்லாத பொய்

பூங்கொடி போய்விட்டார் என்ற செய்தி வார்டு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறியிருந்தவள், படித்ததும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எதற்கு இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. மஞ்சள் காமாலை முற்றிப்போய்ப் படுத்திருக்கிறார் என்பது பத்து நாளாகத் தெரியும். போய்ப் பார்க்கலாம், போய்ப் பார்க்கலாம் என்றே இருந்துவிட்டேன். நாள் தள்ளிப்போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலத்தில் எங்கள் மனநல மருத்துவமனையில், பெண்கள் வார்டு அட்டெண்டர். மோகனூர்க்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. நான் நர்சிங் முடித்த கையோடு அங்கே சேர்ந்தபோது, "வேற ஆசுபத்திரியே கெடைக்கலையா?" என்று என் சித்தி கேட்டார். எனக்கும் உள்ளூர உதறல்தான். அதை மறைக்க எல்லோரிடமும் விறைப்பாக நடந்துகொண்டேன். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுத் திரிந்தேன். "பைக்குள்ள போடுங்க சிஸ்டர், ஜெயிலுன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார் பூங்கொடி. அட்டெண்டர் எனக்குச் சொல்வதா என்று சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் போட்டேன்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் "நாளைக்கு" என்போம். மாத்திரை உள்ளே போகும், வேலை முடியும். பூங்கொடி மட்டும் அப்படிச் சொல்லமாட்டார். "தெரியலீங்க சாமி, கேட்டுச் சொல்றேன்" என்பார். கேட்டும் சொல்வார். தெரியாது என்று சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும் என்று எங்களைக் கிண்டல் செய்வார்.

வாழப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம், அம்மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் சோறு வைத்தாலும் விஷம் என்று தட்டைத் தள்ளுவாள். பூங்கொடி கொடுத்தால் மட்டும் சாப்பிடுவாள். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், பூங்கொடி விடுப்பிலிருந்த ஒரு சனிக்கிழமை, அவள் மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு உங்க அண்ணன் கூட்டிட்டுப் போக வர்றாராம், பூங்கொடி அக்காதான் சொன்னாங்க" என்றேன். உடனே விழுங்கினாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் துணிப்பையோடு கம்பிக் கதவருகில் போய் உட்கார்ந்தாள். சாப்பிட எழவில்லை. அண்ணன் வருவதாகவே இல்லை. மத்தியான ஷிப்டுக்கு வந்த பூங்கொடியைப் பார்த்ததும், "எங்கண்ணன் வர்றாருன்னு நீ சொன்னியா?" என்று கேட்டாள். பூங்கொடி என் முகத்தைப் பார்த்தார். நான் சார்ட்டை எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஆமா சாமி, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு ஸ்டோர் அறையில் கேட்டேன். "அது உங்களை நம்பாட்டி மாத்திரை யாரு குடுக்கறதுங்க? சோறு நாலு பேரு போடலாம்" என்றார். போர்வைகளை மடித்து அடுக்கிவிட்டு, "ஆனா எம்பேரைச் சொல்லியிருக்க வேண்டாம் சிஸ்டர்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அம்மணி மறுபடி அவர் கையால் சாப்பிடவில்லை; நாங்கள் மாறி மாறிக் கெஞ்சித்தான் சாப்பிட வைத்தோம். வீட்டுக்குப் போன அன்று எங்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டவள், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோ மறையும்வரை பூங்கொடி வாசலிலேயே நின்றார். நான் வாயைத் திறந்திருக்கலாம். புதிதில் வேலை போய்விடுமோ என்ற பயம். பயம் தெளிந்தபோது கூச்சம். இப்படியே ஆறு வருடம் ஓட்டினேன். மாதாமாதம் மாத்திரை வாங்க அம்மணி வெளிநோயாளிப் பிரிவில் என் மேசைக்குத்தான் வருவாள். அன்றைக்கெல்லாம் பூங்கொடி என்னிடம் வந்து, "அம்மணி வந்துச்சுங்களா? நல்லாருக்குதா?" என்று விசாரிப்பார். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுப்பேன்.

அவர் போன மறுவாரம் அம்மணி வந்தாள். பூங்கொடி இறந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொய் சொன்னவங்களா?"

"அன்னிக்குப் பொய் சொன்னது நான். அவங்க சொல்லவே இல்ல."

"கடைசி வரைக்கும் நான் அவங்ககூட பேசவே இல்லையே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த மாதம் என் மேசையில் கூட்டமே இல்லை. அம்மணி பக்கத்து மேசையின் நீண்ட வரிசையில் போய் நின்றாள். அந்தக் கோபத்தை ஆறு வருடம் எனக்காகப் பூங்கொடி வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.