நான் லைனில், பால் ஃப்ரிட்ஜில்

ஷூ கம்பெனியில் எதுவும் ஒற்றையாக வெளியே போகாது. இடது கால் முடிந்துவிட்டால் வலது கால் வந்து சேரும்வரை அது பெட்டியில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தச் சட்டம் தைக்கிற எங்களுக்குக் கிடையாது. நான்கு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அம்மா மட்டும் பஸ் ஏறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் எனக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். வீடு ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும், திரும்பி வந்து சேரச் சாயங்காலம் ஏழாகும். பிரஷர் ஜாஸ்தி என்று பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே லீவு போட்டதால், பாப்பாவுக்கு நான்கு மாதம் ஆகும்போதே லீவு தீர்ந்துபோனது. அவளோ எடை குறைவாகப் பிறந்தவள். ஒரே ஒரு தரம் டப்பா பால் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றுப்போக்கு வந்து, வேலூரில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். "ஆறு மாதம் முடிகிறவரை தாய்ப்பால் மட்டும்தான்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வேலையை விட்டால், திரும்பி வரும்போது புது ஆளாக ஹெல்பர் வேலையில்தான் சேர்ப்பார்கள். ஆக, இரண்டு மாதத்துக்கு என் பாலை நான் இல்லாமலே பாப்பாவின் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்த சகோதரிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரகம்

லீவு முடிய மூன்று வாரம் இருக்கும்போது பம்ப் வாங்கப் போனேன். ஆம்பூர் பஜாரில் ஒரு மெடிக்கல் ஷாப். கூட்டம் கலைகிறவரை ஓரமாக நின்று, சத்தம் வராமல் கேட்டேன். கடைக்காரர் வயதானவர். என் கையில் குழந்தை இல்லாததைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. பம்பை எடுத்து, யாரும் பார்க்காதபடி செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்பு கவரில் போட்டு, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. இத வாங்க வர்றவங்க ரெண்டே ரகம். கொழந்த ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில இருக்கும். இல்லன்னா, கொழந்த தவறிப்போயி பால் கட்டிக்கினு இருக்கும். நீ எதும்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பா வீட்டில் நன்றாக இருக்கிறாள், நான் வேலைக்குப் போகிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் முகம் தெளிந்து கவரை நீட்டினார்.

"அப்ப நீ மூணாவது ரகம். அதுவும் கொஞ்சம் கஷ்டமான ரகந்தான், போய்ட்டு வாம்மா."

மாமாவின் கை

பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தது ஒரே ஆள், என் மாமனார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து அண்ணன் வீட்டில் படுக்கையில் இருந்தார். கணவருக்கு ஓசூரில் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் தலைகாட்டுவார். மாமா முப்பது வருஷம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு வேலை செய்தவர். விரலெல்லாம் வெடிப்பு. இரண்டு விரல்களில் நகமே கிடையாது.

பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், பால் புகட்ட ஊர் நர்ஸ் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் என் பால் இருந்த டப்பாவை நான் நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மருமகளின் பால் என்ற கூச்சம் ஒருபக்கம். அதை அவர் கடைசிவரை 'பால்' என்று சொன்னதே இல்லை, 'பாப்பா சாப்பாடு' என்றுதான் சொல்வார். அது மட்டும் காரணமில்லை என்பது அவர் குழாயடிக்குப் போய் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, கையை மோந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"தோல் நாத்தத்துல ஊறின கைம்மா இது, பாப்பாக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

பச்சைப் பால்

வேலைக்குப் போவதற்கு முன் ஒருநாள் ஒத்திகை வைத்துக்கொண்டோம். நான் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வருவது, மாமா ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலை எடுத்துப் பாப்பாவுக்குக் கொடுப்பது. திரும்பி வந்தால் பாப்பா வீல் வீல் என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் பால் பாத்திரம், அதன் அடியில் ஏதோ தீய்ந்து ஒட்டியிருக்கிறது. கரண்டியும் வடிகட்டியும் பக்கத்தில் தயாராக இருந்தன.

சுடுதண்ணீரில் டப்பாவை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமா நன்றாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மனசு ஒப்பவில்லை, பசும்பாலைப் போல மூன்று கொதி விட்டுவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து எடுத்த பால் அது. எனக்கு ஆத்திரம் வந்து ஏதேதோ கத்திவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மாமா பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பச்சப் பாலப் போயி கொழந்தைக்கு எப்பிடிம்மா குடுக்கறது, எனக்குப் பயமா இருந்திச்சி."

உள்ளே காலி, வெளியே ரொப்பி

எங்கள் கம்பெனி கேட்டில் உள்ளே வரும் பொருளையும் பதிவார்கள், வெளியே போகும் பொருளையும் பதிவார்கள். தோல் துண்டு, நூல்கண்டு எதுவும் வெளியே போய்விடக்கூடாது. முதல் நாள் காலையில் செக்யூரிட்டி அக்கா என் பையைத் திறந்து, 'காலி டப்பா மூன்று, ஐஸ் பை ஒன்று' என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் அதே அக்கா பையைத் திறந்தார். டப்பா மூன்றிலும் பால். காலை நோட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில், பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆண்கள் வரிசை வேறு.

கேன்டீன் பாலை எடுத்துப் போகிறேனோ என்று சந்தேகம் போலிருக்கிறது. நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவமானமா களைப்பா என்று தெரியவில்லை. அக்கா சட்டென்று பையை மூடித் தன் முந்தானையால் ஐஸ் பையின் ஈரத்தைத் துடைத்தார். மறுநாளிலிருந்து என் பையைத் திறக்கவே இல்லை. ஆனால் அன்றைக்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிஜமான குழப்பத்தோடுதான் கேட்டார்.

"உள்ள போறப்ப காலி, வெளிய வர்றப்ப ரொப்பி. இத நான் கம்பெனி சரக்குன்னு எழுதறதா, உன் சரக்குன்னு எழுதறதா?"

தொட்டில் அறை

குழந்தைகள் காப்பகம் என்று எங்கள் கம்பெனியில் ஓர் அறை உண்டு. சுவரில் யானை, முயல் படம். இரண்டு தொட்டில். ஒன்றில் பொம்மை படுத்திருக்கும். இத்தனை தூரம் பஸ்ஸில் யாரும் கைக்குழந்தையைத் தூக்கி வருவதில்லை என்பதால் அறை பூட்டியே கிடக்கும். பாத்ரூமில் நின்றுகொண்டு பால் எடுக்க முடியாமல் நான் கெஞ்சியதில், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சாவி கொடுத்தார்கள். பொம்மைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பம்பை அமுக்குவேன். ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் பம்ப். செல்போனில் பாப்பா படத்தைப் பார்த்தால்தான் பால் இறங்கும். சில நாள் படத்தைப் பார்த்தால் பாலுக்கு முன்னால் கண்ணீர் இறங்கிவிடும்.

ஒருநாள் கதவு திறந்தது. தொழிலாளர் வசதியெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆடிட் வந்த அம்மா, கூடவே எங்கள் ஹெச்.ஆர். மேடம். நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த அம்மா 'சாரி, சாரி' என்று பின்வாங்கி, போகும்போது ஏதோ எழுதிக்கொண்டு போனார். தொலைந்தோம், சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் ஹெச்.ஆர். மேடம் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். முகம் பூரா சிரிப்பு.

"சூப்பர் கோமதி, கரெக்ட் டைம்ல இருந்தீங்க, ரூம் யூஸ்ல இருக்குன்னு எழுதிக்கிட்டாங்க."

கரண்ட் போன அன்று

ஃப்ரீசரில் இருபத்திரண்டு சின்ன கவர் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, அடுக்கி, தினமும் ஒருதரம் திறந்து பார்த்துக்கொள்வேன். எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தாலும் பாப்பா பட்டினி கிடக்க மாட்டாள் என்ற தைரியம் அந்த இருபத்திரண்டு கவர்தான். மலைப்பக்கம் காற்றும் மழையுமாக அடித்து, மின்கம்பி மேல் மரம் சாய்ந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மாமா பாப்பாவையும் தூக்கிக்கொண்டு, கவர்களை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து, ஐஸ் தேடி ஒடுகத்தூர் முழுக்க அலைந்திருக்கிறார். எந்தக் கடையிலும் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வந்தபோது வாசலில் வெறும் கவர்கள் கழுவிக் காயப் போட்டிருந்தன. கண்டபடி ஊற்றி அதில் எறும்பு மொய்த்தால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே மாமா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் ஓடுகிற ஓடைவரை நடந்துபோய், ஒவ்வொரு கவராகப் பிரித்து ஊற்றியிருக்கிறார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்த வீட்டில் அழுவது போல அழுதேன். மாமா தள்ளி நின்றே சொன்னார்.

"ஒரு சொட்டு மண்ணுல வுழல, ஓடற தண்ணியிலதான் வுட்டேன். நீ அழுவாத, அழுதா கம்மியாயிடும்."

ஜரீனா அக்கா

கம்மியாகத்தான் ஆனது. முன்பு மூன்று டப்பா வந்த இடத்தில் ஒன்றரை. இருப்பு இல்லாததால் இன்றைக்கு எடுப்பதுதான் நாளைக்குச் சாப்பாடு. காலையிலும் ஒரு தரம் எடுத்தால்தான் பால் ஊறும் என்றார் நர்ஸ். லைனை விட்டு எழுந்தால் பீஸ் குவிந்துவிடும். பக்கத்து மெஷின் ஜரீனா அக்கா ஒன்றும் கேட்காமல் தன் தேநீர் இடைவேளையை விட்டுவிட்டு, நான் போன பதினைந்து நிமிஷத்துக்கும் என் பீஸைச் சேர்த்துத் தைத்தார். ஒரு மாதம், ஒருநாள் விடாமல். பால் மறுபடியும் ஏறியது. ஏன் அக்கா இதெல்லாம் என்று கேட்டதற்கு, மெஷினை நிறுத்தாமலே பதில் வந்தது.

"மூணு புள்ளைங்களுக்கும் வந்த பால இந்த பாத்ரூம்லதான் புழிஞ்சி வுட்டேன். நீயாச்சும் வூட்டுக்கு எடுத்துக்கினு போறியே."

ஞாயிற்றுக்கிழமை

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கொஞ்ச நாளாகவே பாப்பா மார்பில் சலித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். பாலாடையில் கஷ்டப்படாமல் வழுக்கி இறங்கிப் பழகியவளுக்கு என்னிடம் சப்பி இழுக்கப் பொறுமையில்லை. அந்த ஞாயிறு காலை சுத்தமாக மறுத்துவிட்டாள். மடியில் போட்டால் வில்லாக வளைந்துகொண்டு கத்துகிறாள். மாமா, "என் குரல் கேட்டா குடிக்க மாட்டா, நான் கழனிப் பக்கம் போறேன்" என்று டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

ஒரு மணி நேரம் போராடினேன். தாலாட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் அதட்டினேன். என் பாலாலேயே என் ரவிக்கை நனைந்து போயிருக்கிறது, பசியில் அலறுகிற என் குழந்தை வாசல் கதவையே பார்க்கிறாள். தோற்றுப்போய், பாலைப் பிழிந்து பாலாடையில் ஊற்றி நானே புகட்டினேன். துப்பிவிட்டாள். பிறகு தெருமுனைவரை போய் "மாமா, வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் மடியில் போட்டதும் மடக் மடக்கென்று குடித்துவிட்டுச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. மாமா தலையை நிமிர்த்தாமல், குற்றம் செய்தவர் போலச் சொன்னார்.

"நான் ஒரு பத்து நாளு எங்கியாச்சும் போய்ட்டா உங்கிட்ட ஒட்டிக்குவாம்மா. ஆனா நாளைக்கி நீ வேலைக்குப் போவணுமே?"

டாக்டரம்மா சொன்னபடியே ஆறு மாதம் முடிகிறவரை என் பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் வளர்த்துவிட்டேன். என்னிடம் குடிப்பதை அவள் மறந்துபோனதைத் தவிர மற்ற எல்லாம் சரியாகத்தான் நடந்தது.