தாளில் விட்டுப்போன ‘விரித்து’

கட்டிங் மாஸ்டர் குமாரசாமியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னபோது நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு டீ-ஷர்ட் ஆர்டர் முழுக்க, ஸ்டீம் அயர்ன் ஆனதும் நீளத்தில் ஒரு இன்ச் குறைந்துவிட்டது. வெட்டியவர் அவர், பழியும் அவர் தலையில் விழுந்தது.

நல்லூரில் இருந்த அந்தப் பனியன் யூனிட்டில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் பையர் அனுப்பும் டெக் பேக்கை, அதாவது அளவும் செய்முறையும் எழுதிய ஆங்கிலத் தாள்களைப் படித்து, கட்டிங் டேபிளுக்கு வேண்டியதைத் தமிழில் எழுதி ஒட்டுவதும் என் வேலை. சுருக்கமாக எழுதுவதில் எனக்குக் கர்வம் உண்டு. துணி எடைக்கு ஜிஎஸ்எம், சுருக்கத்துக்கு ஷ்ரிங்கேஜ், வெட்டுமுன் துணியை ஓயவிடுவதற்கு ரிலாக்ஸேஷன் என்று பெரிய வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் நம்பரைப் போட்டுவிடுவேன். கூட வரும் சில்லறை வார்த்தைகள் எதற்கு என்ற நினைப்பு.

மாஸ்டர் ஒன்றுதான் சொன்னார். “மேடம் எழுதுன தாள்ல இருந்தபடிதானுங்க செஞ்சேன். ஒரு நாள் ரிலாக்ஸேஷன் உட்டுத்தானுங்க வெட்டுனேன்.”

டெக் பேக்கில் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று நான் ஆங்கிலத் தாளை நீட்டினேன். முதலாளி அதற்கு மேல் கேட்கவில்லை.

மாஸ்டர் போனபிறகு டேபிளில் ஒட்டியிருந்த என் தாளைப் பார்த்தேன். ‘ரிலாக்ஸேஷன் 24 மணி நேரம்’ என்று இருந்தது. பையர் எழுதியிருந்ததோ, ரோலைப் பிரித்து, இழுக்காமல் விரித்துப் போட்டு 24 மணி நேரம் ரிலாக்ஸேஷன். மாஸ்டர் சாமளாபுரத்தில் விசைத்தறித் துணி வெட்டியவர்; அதை விரித்துப் போட்டு வைக்கத் தேவையில்லை. பனியன் துணிக்கு வந்து ஒரு மாதம்தான். ரோலை ரோலாகவே ஒரு நாள் ரேக்கில் வைத்திருக்கிறார். இழுபட்ட பனியன் துணி விரித்துப் போட்டால்தான் தன் அளவுக்குச் சுருங்கி வரும்.

சொன்னால் என் வேலை போகுமே என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகு இரண்டு தாளையும் முதலாளி முன்னால் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“இதைய அவரு நிக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்க” என்றார். என் எதிரிலேயே மாஸ்டருக்குப் போன் போட்டார்.

மறுநாள் மாஸ்டர் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். துணியைத் தொடுமுன் என் தாளை ஓரமாக நகர்த்திவிட்டு, “இங்கிலீசுத் தாளையே படிச்சுச் சொல்லுங்க மேடம். ஒரு வார்த்தை உடாமச் சொல்லுங்க” என்றார். நான் ரிட்டையர் ஆகும்வரை ஒவ்வொரு ஆர்டருக்கும் இதேதான் நடந்தது.

புதிதாக வரும் மெர்ச்சண்டைசர்களே, ஷ்ரிங்கேஜ் என்று எழுதினால் எத்தனை வாஷுக்குப் பிறகு என்பதையும் எழுதுங்கள். ஜிஎஸ்எம் என்றால் வாஷுக்கு முன்னாலா பின்னாலா என்றும் போடுங்கள். நீங்கள் விட்ட வார்த்தைக்கு முதலில் வேலை போவது வெட்டியவருக்குத்தான்.