தண்ணீர் ஓடாத குழாய்கள்

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த இரண்டாம் மாதம் என் கணவர் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். சென்னையில் உள்ள ஒரு கட்டட நிறுவனத்துக்காக, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கித் தருவது என் வேலை. அந்த வேலைக்காக நான் சென்னையில் தங்கிவிடக் கூடாது என்றுதான், ப்ராசசரைத் தண்ணீரால் குளிர வைக்கும் அந்த விலை உயர்ந்த பெட்டியை வாங்கினார்.

"இனி நீ எங்கனயும் போவ வேண்டாம்லா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கீழே அவருடைய ஹார்டுவேர் கடை. மேலே வீடு. வீட்டின் பின்னறையில் நான்.

மூன்று வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, படம் பாதி தயாராகியிருந்தபோது திரை அணைந்தது. மறுபடி போட்டுவிட்டு, திரையின் மூலையில் வெப்பம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது, எண்பத்தெட்டு, நூறு. இரண்டே நிமிடத்தில் மறுபடி அணைந்தது. வியாழக்கிழமைக்குள் பதினொரு படங்கள் அனுப்ப வேண்டும்.

சென்னை நிறுவனத்தின் மேலாளரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எதுக்குக் கஷ்டப்படுறீங்க? இங்க ஆபீஸ்ல ஒரு சிஸ்டம் சும்மாதான் இருக்கு. கிளம்பி வந்துடுங்க. அப்படியே இங்கயே வேலை பாக்கறதுன்னாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்."

போனை வைத்த பிறகு பெட்டியைப் பிரித்துப் போட்டேன். போவதற்கு ஒரு காரணம் தானாகவே கிடைத்திருந்தது. மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏளா, பெட்டிய ஏன் பிரிச்சுப் போட்டிருக்க?"

"ரொம்பச் சூடாகுதுங்க."

"கம்ப்யூட்டர் கடைக்காரர வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே பாக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஒரு கோளாறைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது, அவ்வளவுதான். விசிறிகளில் அப்பியிருந்த தூசியைத் துடைத்தேன். ப்ராசசர் மேலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினேன். மறுபடியும் நூறு.

செவ்வாய்க்கிழமை காலை, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டுப் பார்த்தேன். ப்ராசசர் பக்கம் குழாய்கள் சுட்டன. அவை போய்ச் சேரும், சூட்டை ஆற்றும் ரேடியேட்டரோ ஜில்லென்று இருந்தது. தண்ணீர் ஓடவே இல்லை. தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்பில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு பம்பின் வயரைப் பிடுங்கிப் பார்த்தால், அதன் முனையும் போர்டில் இருந்த ஊசிகளும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தன. மேசைக்கு மேலேயே சன்னல். அதற்கு அந்தப் பக்கம் உப்பளம். மூன்று வருட உப்புக் காற்று.

பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, பச்சை போகும் வரை தேய்த்தேன். நன்றாகக் காய விட்டு வயரைச் செருகிப் போட்டதும் பம்ப் மெல்ல முனகியது. வெப்பம் அறுபத்திரண்டில் நின்றது. சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன். அதன் பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

மேலாளரிடம் சரியாகிவிட்டது என்றேன்.

"அப்ப வரலையா?"

"இல்ல சார்."

சாயங்காலம் கணவர் என்ன கோளாறு என்று கேட்டார். நானே கண்டுபிடித்த பெருமையில், உப்புக் காற்று, சன்னல், பச்சை எல்லாவற்றையும் விளக்கினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் கீழே போய்க் கடையிலிருந்து இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் பசை டியூபையும் அதை அமுக்கும் துப்பாக்கியையும் எடுத்து வந்தார். சன்னலைச் சாத்தி, நாலு பக்கமும் பசை ஓட்டி, கட்டைவிரலால் அழகாக வழித்துவிட்டார்.

"இனி உப்புக் காத்து எப்படி வருதுன்னு பாப்போம்," என்றார். அவர் ஏறி நின்ற ஸ்டூலை நான்தான் பிடித்திருந்தேன்.

சிலிக்கானுக்குக் காடி போன்ற ஒரு புளிப்பு வாடை உண்டு. வெளியேற வழியில்லாமல் அது இரண்டு நாள் அறைக்குள்ளேயே நின்றது. அந்த வாடையிலேயே உட்கார்ந்து பதினொரு படங்களையும் முடித்து, வியாழக்கிழமை மத்தியானம் அனுப்பினேன்.